அந்தப் படத்தில் நான் பாடவில்லை

என் பாசத்துக்குரிய பாலா அண்ணனுக்கு,

'பாசத்துக்குரிய' என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். பாசம் இல்லாத ஆள் மேல் இவ்வளவு ஆத்திரம் வராது. வேறு எவனாவது இருந்தால் எப்போதோ காறித் துப்பிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

நீ செத்து ஏழு மாதம் ஆகிறது. பேனரில் 'இறைவனடி சேர்ந்தார்' என்று போட்டிருந்தார்கள். எனக்கு அந்த மாதிரி வார்த்தையெல்லாம் வராது. இங்கே நம் ஊர் பீடோங்கில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. தீபாவளி நெருங்குகிறது, இருபது பிளவுஸ் வெட்டாமல் கிடக்கிறது, ஒவ்வொருத்தியும் வந்து "எனக்கு மட்டும் முதல்ல குடுத்துருங்கக்கா" என்று நிற்கிறாள். நீ வாங்கிக் கொடுத்த மிஷின் இன்னும் ஓடுகிறது. சத்தம்தான் கொஞ்சம் கூடிப்போச்சு.

விஷயத்துக்கு வருகிறேன். அண்ணி நீ வரைந்த 'தோட்டத்துப் பாட்டு' படத்தைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். நாம் படித்த அந்தப் பலகைக் கட்டடம் இல்லை, அதைத்தான் தோட்டத்திலிருந்து டவுன் பக்கம் மாற்றிவிட்டார்களே, அந்தப் புதுப் பள்ளிக்கு. மண்டபத்தில் மாட்டித் திறப்பு விழா வைத்தார்கள். தலைமையாசிரியை மேரி டீச்சர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். "படத்துல நடுவுல நின்னு பாடுற பிள்ள நீங்கதானாமேக்கா? நீங்க வந்து விளக்கேத்தி, அண்ணனைப் பத்தி ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும் லா" என்றார்.

என்னைப் பேசச் சொல்கிறார், அண்ணா. என்னை! உனக்கு அங்கே சிரிப்பு வந்திருக்கும்.

போனேன். பேசவும் செய்தேன். ஆனால் மேடையில் நான் சொன்னது பாதிதான். நீ செய்த பாதியைச் சொன்னேன், நான் செய்த பாதியைச் சொல்லாமல் இறங்கிவிட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். பள்ளியின் ஆண்டு மலரில் போட வேண்டும் என்று மேரி டீச்சரிடம் கேட்டிருக்கிறேன். நாலு பேர் படிக்கட்டும்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் வரிசையாகக் கட்டின லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு மண் தரை, தூரத்தில் ரப்பர் மரங்கள். நாலு பையன்கள். ஒருவன் சதுர பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு ரெண்டு குச்சியால் அடிக்கிறான். ஒருவன் ரப்பர் பால் பிடிக்கிற மங்கு ரெண்டை எடுத்துத் தாளமாகத் தட்டுகிறான். ஒருவன் நசுக்கிய சோடா மூடிகளைக் கம்பியில் கோத்துக் குலுக்குகிறான். உயரமாக நிற்கிற நாலாவது பையன் கையில் உறுமி. பெயிண்ட் டின் வாயில் பழைய மோட்டோ டயர் டியூப்பை இழுத்துக் கட்டி, வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்த்தால் கோயில் உறுமி மாதிரியே 'உர்ர்ர்' என்று உறுமும். அந்த நாலாவது பையன் நீ. நடுவில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமி கையை விரித்து, தலையை அண்ணாந்து, வாயைப் பெரிதாகத் திறந்துகொண்டு நிற்கிறாள். கண் மூடியிருக்கிறது. வாயோரம் கொஞ்சம் சிவப்பு. அது நான்.

பார்க்கிற எல்லாருக்கும் பிடித்துவிடும். "அந்தக் காலத்துல கையில ஒன்னும் இல்லாட்டியும் பிள்ளைங்க எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுங்க பாருங்க" என்று பெருமூச்சு விடுவார்கள். அந்தச் சிவப்பு என்ன என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டாரே, நீ என்ன சொன்னாய்? "சிரப் ஐஸ் சாப்பிட்டுட்டுப் பாட வந்திருக்கா என் தங்கச்சி." அந்தப் பக்கத்தை வெட்டிக் கண்ணாடி போட்டு மெர்கோங்கில் உன் வீட்டு ஹாலில் அண்ணி மாட்டி வைத்திருந்தார். நான் வரும்போதெல்லாம் அதற்குக் கீழேதான் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பேன்.

நான் பாடவில்லை, அண்ணா. எனக்குப் பாடவே தெரியாது. அது உனக்கும் தெரியும்.

எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதிமூன்று. அம்மன் கோயில் திருவிழாவில் எனக்குப் பால்குடம். முதல் நாளிலிருந்து விரதம், விடிவதற்கு முன்பே எழுப்பித் தலையோடு தண்ணீர் ஊற்றினார்கள். ஊர்வலம் வெயிலில் நகரவே இல்லை, மேளக்காரர்கள் என் காதோரத்திலேயே உறுமியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே விழுந்தேன். கை கால் இழுத்துக்கொண்டது. "ஆத்தா வந்துட்டாடா!" என்று யாரோ கத்தினார்கள். மஞ்சள் தண்ணி, வேப்பிலை, கற்பூரம். கண் விழித்துப் பார்த்தால் நம் அப்பா என் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அதோடு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்கு விரதம் என்று ஆகிவிட்டது. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களோடு என்னையும் இருட்டில் எழுப்பிவிடுவார்கள். சாயங்காலம் வரை ஒரு வாய் சோறு கிடையாது. லயத்து ஜனம் வந்து குறி கேட்க உட்கார்ந்திருக்கும். தூக்கமும் சோறும் இல்லாத பிள்ளைக்கு வலிப்பு வரும், வராமல் என்ன செய்யும்? வந்தால், "பாத்தீங்களா, ஆத்தா!" என்று அடுத்த வெள்ளி விரதத்தை இன்னும் இறுக்குவார்கள். வராவிட்டால், விரதத்தில் ஏதோ குறை என்று அதற்கும் இறுக்குவார்கள்.

தோட்டத்து மருந்துக் கொட்டகையில் இருந்த டிரெஸ்ஸர் ஒருவர்தான் வீடு தேடி வந்து, "இது வலிப்புண்ணே, சாமி இல்ல. பிள்ளைக்கு வேளாவேளைக்குச் சோறு போடுங்க, தூங்க விடுங்க, இந்த மாத்திரையக் குடுங்க" என்றார். அவர் படி இறங்கியதும் அப்பா சிரித்தார். "ஆத்தாளுக்கே மாத்திரை குடுக்கச் சொல்றான் பாரு இந்த ஆளு!" மாத்திரை சாக்கடைக்குப் போனது. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அது பிடித்திருந்தது. புதுப் பாவாடை, தேங்காய், பெரிய பெரிய பொம்பளைகள் எல்லாம் "தாயே" என்று கூப்பிடுவது. ஒன்பது வயதில் யாருக்குத்தான் பிடிக்காது? உனக்குத்தான் பிடிக்கவில்லை. கரித்துண்டால் சுவரில் படம் போட்டாய் என்று அப்பா உன்னைப் பெல்ட்டால் விளாசியது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் அதே அப்பா என் காலில் விழுந்தார். நீ கதவு ஓரத்தில் நின்று பார்த்தாய். உனக்கு வயிறு எரிந்தது, அண்ணா. எரிந்தால் என்னோடு சண்டை போட்டிருக்கலாம், ரெண்டு அடி கூட அடித்திருக்கலாம், நான் வாங்கியிருப்பேன்.

மறுநாள் சனிக்கிழமை காலையில், வயிற்றில் ஒன்றும் விழுவதற்கு முன்பே நீ என்னைக் கூப்பிட்டாய். "உறுமி கட்டியிருக்கேன் மலரு, வா, சும்மா வெளயாட்டுதான்." நான் ஓடி வந்தேன். நீ என்னை எதற்கும் கூப்பிட்டதே இல்லையே, கூப்பிட்டதும் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் சேகரும் மற்ற ரெண்டு பையன்களும் டின்னோடு நின்றார்கள். "என் உறுமிக்கு ஆத்தா வர்றாளா இல்லையான்னு பாத்துருவோம்டா" என்றாய். என்னை நடுவில் நிறுத்தித் தோளைப் பிடித்துச் சுற்றிவிட்டாய். டின் சத்தம் தொடங்கியது.

"வேணாம்ணே, தல சுத்துது."

"ஆத்தா அப்படியெல்லாம் பேச மாட்டா. ஒழுங்காப் பேசு."

"பசிக்குதுண்ணே."

"பாடு ஆத்தா, பாடு!"

எனக்கு ஞாபகம் அவ்வளவுதான். மீதியைக் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா பின்னால் ஒருநாள் சொன்னார். வலிப்பு பிடிக்கிற நேரத்தில் தொண்டையிலிருந்து 'ஆ' என்று ஒரு சத்தம் வரும். அது வந்ததும் நீ, "பாடுறா பாருடா! அடிங்கடா!" என்று கத்தினாயாம். நான் மண்ணில் விழுந்து இழுத்துக்கொண்ட பிறகும் யாரும் நிறுத்தவில்லையாம். என் வாயிலிருந்து ரத்தம் வந்த பிறகுதான் டின் சத்தம் நின்றதாம்.

நாக்கு நுனியைக் கடித்துத் துண்டாக்கியிருந்தேன். மற்ற மூன்று பேரும் ஓடிவிட்டார்கள். நீ ஓடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். குழாயடிக்குத் தூக்கிப் போய் என் வாயைக் கழுவினாய். அம்மா வந்து கவுனைப் பார்த்துவிட்டு அலறியபோது, "சிரப் ஐஸும்மா, மேல கொட்டிக்கிட்டா" என்றாய். அம்மா நம்பினாள். என் வாயைத் திறந்து பார்க்கிற வரைக்கும் நம்பினாள்.

அம்மாவிடம் சொன்ன அதே பொய்யைத்தான் முப்பது வருஷம் கழித்துப் பத்திரிகைக்காரரிடமும் சொன்னாய். வேறு ஒரு பொய் கூடவா உனக்குக் கிடைக்கவில்லை?

அதற்குப் பிறகு பெரிய ஆஸ்பத்திரி, மாத்திரை, வேளாவேளைக்குச் சோறு. ஆத்தா வரவே இல்லை. "ரத்தம் பட்டுருச்சு, ஆத்தா போயிட்டா" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அதோடு சரி, என் கால் இருக்கட்டும், என் முகத்தைக்கூட அவர் நேராகப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. என் பேரையே எனக்குச் சொல்ல வராது. மலர் என்றால் 'மயய்' என்று வரும். பள்ளியில் 'கொன்னவாய்' என்பதுதான் என் பேர். பெண் பார்க்க வந்தார்கள், ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் நீ முந்திக்கொண்டு, "தங்கச்சிக்குக் கூச்சம் ஜாஸ்தி" என்றாய். கூச்சம்! பிறகு யாரும் வரவில்லை. விளம்பரப் பலகை எழுதின உன் முதல் சம்பளத்தில் இந்தத் தையல் மிஷினை வாங்கி வந்து வைத்தாய். வாயைத் திறக்க வேண்டாத வேலையாகப் பார்த்துத்தான் வாங்கினாய்.

நாக்கு நுனி இல்லாதவள் என்றாலும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி உன்னிடம் நாலு கேள்வி கேட்டிருக்கலாம். ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். அலோர் ஸ்டார் கண்காட்சியில் முதன்முதலாக அந்தப் படத்தைப் பார்த்தபோது. பக்கத்தில் நீ நின்றாய், புது பாத்தேக் பூப்போட்ட சட்டை போட்டிருந்தாய். "ஏண்ணே இத வரைஞ்ச?" என்றேன். நீ என்னைப் பார்க்கவில்லை. "எல்லாருக்கும் பிடிச்சிருக்கு லா மலரு" என்றாய். அப்புறம் யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டாய்.

சரி, திறப்பு விழாக் கதைக்கு வருகிறேன். பண்டார் பாருவிலிருந்து நம் சேகர் வந்திருந்தான். அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி, பேரன் பேத்தியோடு. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான். "மலரு! என்னத் தெரியலையா? சேகரு லா! மங்கு தட்டுறது நான்தானே!" படத்துக்குக் கீழே நின்று, தன் உருவத்தைக் கையால் தொட்டுக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டான். "என்னமா பாடுவ நீ! நம்ம லயமே கேக்கும்" என்று பேரப் பிள்ளைகளிடம் சொன்னான்.

"நெசமாவே மறந்துட்டியா சேகரு?" என்றேன்.

"எத?"

நடிக்கவில்லை, அண்ணா. அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. உன் படத்தைப் பார்த்துப் பார்த்து அவன் தலையில் நான் பாடவே ஆரம்பித்துவிட்டேன். நீ தெரிந்து பொய் சொன்னாய், அவனுக்கு அந்தப் பொய்யே ஞாபகமாகிவிட்டது. இந்த ரெண்டில் எதற்கு எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது என்று இன்னும் தெரியவில்லை.

விளக்கேற்றிய பிறகு மேரி டீச்சர் ஒரு நிகழ்ச்சி வைத்திருந்தார். படத்தை அப்படியே மேடையில் நிறுத்திக் காட்டுகிறார்களாம். நாலு பையன்கள் பிஸ்கட் டின், பிளாஸ்டிக் பெயிண்ட் வாளி, மங்கு, சோடா மூடி எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். நடுவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை, ஹரிணி என்று பேர், மஞ்சள் கவுனில். வாயோரத்தில் லிப்ஸ்டிக் தடவியிருந்தார்கள், சிரப் ஐஸாம். ஸ்பீக்கரில் யாரோ பாடினார்கள், இந்தப் பிள்ளை வாயை மட்டும் அசைக்க வேண்டும். "இன்னும் பெருசாத் தொற மா, தலையத் தூக்கு!" என்று ஓரத்திலிருந்து ஒரு டீச்சர் கையைக் காட்டினார். பையன்கள் அடித்தார்கள். ஜனம் கை தட்டியது. என்னால் உட்கார முடியவில்லை, நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு என் பேரைச் சொன்னார்கள். கைப்பையில் ஒரு தாள் வைத்திருந்தேன். என் நாக்குக்கு வசப்படுகிற வார்த்தைகளாகப் பொறுக்கி எழுதின நாலு வரி, அண்ணன் நல்லவன் என்கிற மாதிரி. மைக் முன்னால் போய் "வணக்கம்" என்றேன். அது எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். முன் வரிசையில் ஒரு பையன் அதை அப்படியே திருப்பிச் சொன்னான். பக்கத்தில் நாலு பேர் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். மேடை ஓரத்தில் நின்ற டின்காரன் ஒருவன் அந்தச் சிரிப்புக்கு 'டக்கு டக்' என்று ஒரு அடி போட்டான். மேரி டீச்சர் "உஷ்!" என்றார்.

முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிமிர்ந்து உன் படத்தைப் பார்த்தேன். அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு வெளிச்சத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. சிரப் ரோஜா நிறம் அண்ணா, தண்ணியாக ஓடும். நீ வைத்திருந்தது அது இல்லை. கெட்டிச் சிவப்பு, ஓரம் கறுத்துப் போனது. துணி நிறம் ஒத்துப் பார்த்தே வயிறு வளர்க்கிறவள் நான், நிறத்தில் என்னை ஏமாற்ற முடியாது. ரத்தத்தைத்தான் வைத்திருக்கிறாய். ஊரெல்லாம் வந்து பார்க்கிற இடத்தில் என் ரத்தத்தை வைத்துவிட்டு, கேட்டவர்களிடம் பேரை மட்டும் மாற்றிச் சொல்லியிருக்கிறாய். இதற்குப் பேர் துணிச்சலா, கோழைத்தனமா? யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தாயா? இல்லை, ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான் என்ற தைரியமா?

தாளை மடித்து வைத்துவிட்டேன். அந்தப் பையன்களைப் பார்த்து வாயைத் திறந்து நாக்கை நீட்டினேன். அறுந்த நுனி நன்றாகத் தெரிகிற மாதிரி.

"இதான் அந்தச் செவப்பு. சிரப் இல்ல. எங்கண்ணன் டின்னடிச்சாரு, நான் விழுந்தேன். பாடல."

அப்புறம் அந்தச் சனிக்கிழமை நடந்தது முழுவதையும் சொன்னேன். நான் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் புரியும், அதனால் எல்லாரும் கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சேகர் பேயறைந்த மாதிரி நின்றான். அண்ணி பாதியிலேயே எழுந்து போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. சந்தோஷமாக இருந்தது என்றே சொல்லலாம். உன் பேர் அந்த மண்டபத்தில் நாறியதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது, அண்ணா.

சாப்பாட்டு மேசையில் மீஹூன் எடுத்துக்கொண்டு நின்றபோது அந்தப் பிள்ளை ஹரிணி வந்து என் சேலையை இழுத்தாள். லிப்ஸ்டிக் இன்னும் வாயில் இருந்தது.

"ஆண்ட்டி, வலிச்சுச்சா?"

தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா "யாருடி பண்ணது?" என்று கேட்டாள். அப்பா "ஆத்தா திரும்பி வருவாளா?" என்று கேட்டார். டாக்டர் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் பிறவியிலேயே இப்படியா என்று கேட்டார்கள். நீ ஒன்றுமே கேட்கவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை வர வேண்டியிருந்தது. "ரொம்ப வலிச்சுச்சு மா" என்றேன். டிஷ்யூ எடுத்து அவள் வாயைத் துடைத்துவிட்டேன். "ஏன் ஆண்ட்டி, நல்லாத்தானே இருக்கு?" என்று கோபித்துக்கொண்டாள்.

சாயங்காலம் அண்ணி போன் பண்ணினார். அழுதுகொண்டே கத்தினார். "செத்துப்போனவரு மேல சேத்த வாரி அடிச்சிட்டியே மலரு! அவரால திருப்பிப் பேச முடியாதுன்னுதானே?"

நான் போனை வைத்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஆனால் அது சரியாகப் போய்க் குத்த வேண்டிய இடத்தில் குத்தியது. ஏனென்றால் நான் அதை முன்பே ஒரு தடவை செய்திருக்கிறேன். உன்னால் திருப்பிப் பேச முடியாது என்று தெரிந்தேதான் செய்தேன்.

இதுதான் என் பாதி. படிக்கிறவர்கள் இதையும் படியுங்கள்.

உனக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கமும் பேச்சும் போனபோது, அண்ணி பகலில் வேலைக்குப் போக வேண்டும் என்று நான் மெர்கோங்குக்கு வந்து மூன்று வாரம் தங்கினேன். குளிப்பாட்டினேன், துடைத்தேன், கஞ்சி ஊட்டினேன். அக்கம்பக்கத்து வீட்டார், "தங்கச்சின்னா இப்படி இருக்கணும்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் கஞ்சி உன் வாயோரத்தில் வழிந்தது. நீ ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய். "ஆ" என்று மட்டும் வந்தது.

அந்தச் சத்தம். மேசையில் காலியான பால் டின் இருந்தது, கையில் கரண்டி இருந்தது. எனக்குள் என்ன புகுந்தது என்று தெரியவில்லை. இல்லை, அப்படிச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. எனக்குள் ஒன்றும் புகவில்லை, ஆத்தாவும் வரவில்லை, நான்தான். டின்னைத் தட்டினேன். அன்றைக்கு நீங்கள் அடித்த அதே அடி. உன் கண் அகலமாகத் திறந்தது. உனக்குப் புரிந்துவிட்டது. உனக்குப் புரிந்தது எனக்குத் தெரிந்ததும் இன்னும் பலமாக அடித்தேன்.

"பாடுண்ணே" என்றேன். "பாடு."

நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பப் பார்த்தாய், கழுத்து திரும்பவில்லை. மறுபடி "ஆ" என்றாய். "பாடுறாரு பாரு!" என்று நான் சிரித்தேன். அந்த அறையில் வேறு யாரும் இல்லை, யாரிடம் சொன்னேனோ. அண்ணி வருவதற்குள் டின்னைக் கழுவி வைத்துவிட்டு, உன் கண்ணையும் துடைத்துவிட்டேன். மறுநாளும் செய்தேன். கஞ்சி முழுவதையும் ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, பிறகு செய்தேன். சேவையில் குறை வைக்கவில்லை பார்.

மூன்றாம் நாள் நான் டின்னை எடுத்துத் தட்டியபோது நீ கண்ணை மூடவில்லை. இடது கையை மெதுவாகத் தூக்கி, கட்டிலின் இரும்புக் கம்பியில் விரலால் தட்ட ஆரம்பித்தாய். அதே தாளம். ஒரு அடி பிசகவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அது சிரிப்பா, நோய் இழுத்த இழுப்பா என்று எனக்குத் தெரியவில்லை. டின்னைக் கீழே வைத்துவிட்டு வீட்டுப் பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே வரைக்கும் கேட்டது, நீ தட்டிக்கொண்டே இருந்தாய். நாலாம் நாள் காலையில் நீ போய்விட்டாய்.

என்ன சொன்னாய், அண்ணா? மன்னித்துக்கொள் என்றாயா? அடி, இன்னும் அடி, எனக்கு இது வேண்டும் என்றாயா? இல்லை, மூளை கலங்கின நேரத்தில் அந்தப் பழைய சனிக்கிழமைக்குப் போய் என் கூட நிஜமாகவே விளையாடினாயா? ஏழு மாதமாக மிஷினில் உட்காரும்போதெல்லாம் என் கால் அந்தத் தாளத்தில்தான் மிதிக்கிறது.

நீ அன்றைக்குப் பதிமூன்று வயதுப் பையன், அதுவும் பெல்ட்டால் அடி வாங்கின பையன். நான் ஐம்பத்திரண்டு வயதுப் பொம்பளை. நீ செய்தது ஒரு நாள். நான் மூன்று நாள் செய்தேன். அன்றைக்கு மேடையில் நான் கூட்டிக் கழிக்காமல் விட்டது இதைத்தான்.

அந்த டின் என்னிடம்தான் இருக்கிறது. நீ போன அன்றைக்கே அண்ணிக்குத் தெரியாமல் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். இதையெல்லாம் தாளில் எழுதுவது எனக்குச் சுலபம், தாளில் என் நாக்கு முழுசாக இருக்கிறது. அது போதாது. உன் வருஷத் திதி அன்றைக்கு மண்டபத்தைக் கேட்டிருக்கிறேன். அண்ணியைக் கையைப் பிடித்துக் கூட்டி வருவேன், சேகரையும் வரச் சொல்வேன். உன் படத்துக்கு நேர் எதிரே, அந்த டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை என் வாயாலேயே படிப்பேன். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும், டின்னை அடித்தால் அடிக்கட்டும், ஒரு வரி விடாமல் படிப்பேன். இது சத்தியம்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே, அது இன்னும் வரவில்லை. என்னை மன்னித்துவிடு என்று கேட்கவும் வாய் வரவில்லை. ஹரிணி என்னைக் கேட்டதை மட்டும் உன்னைக் கேட்கிறேன். மூன்று நாளும் உன் வாயைத் துடைத்துவிட்ட நான் இதைக் கேட்கவே இல்லை.

வலிச்சுச்சாண்ணே?

உன் கூடப் பிறந்தவள்,
மலர்